வடுவின் அளவும் நோயின் தீர்வும்

காயம் விபத்தால் நேர்ந்தாலும், மருத்துவரின் கத்தியால் நேர்ந்தாலும், நம் உடல் அவ்விரண்டையும் வேறு பிரித்து அறிவதில்லை. உடனே அது தற்காப்பில் இறங்குகின்றது. இண்டர்லூக்கின்-6 போன்ற தூதுப் பொருள்கள் குருதியில் பெருகுகின்றன. அவற்றின் தூண்டுதலால் கல்லீரல் சி.ஆர்.பி. என்னும் புரதத்தை மிகுதியாக உண்டாக்குகின்றது. இதுவே அழற்சி. புண் ஆறுவதற்கு அது இன்றியமையாதது. அளவு மீறினாலோ உடல் நலிவுறும்.

வயிற்றைத் திறந்து செய்யும் சிகிச்சையைக் காட்டிலும், சிறு துளைகள் வழியே செய்யும் லேப்பராஸ்கோப்பி முறையில் இவ்வழற்சி பொதுவாகக் குறைவு. வலியும் குறைவு, நோயாளி விரைவில் எழுந்து நடமாடுகின்றார்.

எங்கள் தமக்கையாருக்குப் பெருங்குடலில் புற்றுநோய் கண்டபோது, நாங்கள் அம்முறையையே விரும்பினோம். ஆனால், கட்டி அருகிலுள்ள உறுப்போடு ஒட்டியிருந்தமையால், திறந்து செய்வதே தக்கது என்றார் மருத்துவர். நாங்கள் தயங்கி நின்றோம். தமக்கையாரோ, "வடு எவ்வளவு நீளமானால் என்ன? நோய் முழுவதும் நீங்குமா என்று கேளுங்கள்" என்றார். அவ்வொரு சொல்லால் எங்கள் தயக்கம் அகன்றது. சிகிச்சைக்குப் பின் குருதியைச் சோதித்து வந்தனர். இரண்டு, மூன்று நாட்களில் உச்சத்தை எட்டும் சி.ஆர்.பி. அதன் பின்னும் தணியாவிடில், உள்ளே சீழோ, தையலில் கசிவோ உண்டா என்று ஆராய்வார்களாம். நான்காம் நாள் அது இறங்கியபோதுதான் எங்களுக்கு மூச்சு வந்தது.

தமக்கையாரின் வினா எத்துணை நுட்பமானது என்பதை ஆய்வுகளும் உணர்த்துகின்றன. பெருங்குடல் புற்றுநோயாளிகள் 872 பேரிடம் நடந்து 2004-இல் வெளியான ஆய்வில், இரு முறைகளிலும் நோய் மீள்வது ஏறத்தாழ ஒரே அளவாயிருந்தது. ஆனால், கருப்பைவாய்ப் புற்றுநோயின் தொடக்க நிலையிலிருந்த 631 பெண்களிடம் நடந்து 2018-இல் வெளியான ஆய்வு வேறு கதை கூறிற்று. நாலரை ஆண்டுகளுக்குப் பின் நோயின்றி வாழ்ந்தோர், திறந்து செய்த முறையில் நூற்றுக்கு 96.5, துளை முறையில் 86 மட்டுமே!

ஆகவே, அழற்சி குறைவது நன்மையே. ஆயினும் அதுவே நோயின் தீர்வாகிவிடாது. புற்றுநோய் ஒவ்வொன்றுக்கும் உரிய வழி வேறு. இல்லத்தில் இத்தகைய துன்பம் நேர்ந்தால், "வடு சிறிதாகுமா?" என்று கேட்கலாம், தவறில்லை. அதற்கு முன், "இந்த நோய்க்கு, இந்த நிலையில், எந்த முறை உயிரை நெடிது காக்கும்?" என்று கேட்போமாக.