பென்டிரைவில் எந்தக் கம்பைலர்?

லேபில் ஓடின சி புரோகிராம் வீட்டில் ஓடாமல் நீங்களும் முழிச்சிருப்பீங்க. அதுக்காகத்தான் ஜூனியர்களுக்கு ஒரு விர்ச்சுவல் மெஷின் தயார் பண்ணினேன். உள்ளே டெபியன். பென்டிரைவில் காப்பி பண்ணினா போதும், நெட் வேண்டாம். கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் பஸ் ஏறுற பல பேர் கையில் பழைய லேப்டாப்தான். அதனால் இமேஜ் சின்னதா இருக்கட்டும்னு டிசிசியைப் போட்டேன். ஃபேப்ரிஸ் பெல்லார்ட் எழுதின குட்டிக் கம்பைலர். சில நூறு கேபிதான். எனக்குப் பெருமை வேற!

ஒரு வாரம் கழிச்சு ஃபர்ஸ்ட் இயர் பொண்ணு ஒருத்தி வந்தா. "அண்ணா, எர்ரரே வரல, ஆனா ஓடவும் மாட்டேங்குது. எனக்கு கோடிங் வராது போல. டிபார்ட்மென்ட் மாத்திக்கவா?"

ஸ்கேன்எஃப்-ல வேரியபிளுக்கு முன்னாடி 'அண்ட்' குறி விட்டுப்போச்சு. அவ்வளவுதான். டிசிசி வாயே திறக்கல. அதே கோடை ஜிசிசியில், எல்லா வார்னிங்கையும் காட்டச் சொல்லிப் போட்டேன். முகவரி கேட்ட இடத்தில் எண்ணைக் கொடுத்திருக்கேன்னு வரியோட காட்டிக் கொடுத்துருச்சு.

கிளாங்கும் இதைச் சொல்லும். ஆனா டெபியனில் அது எல்எல்விஎம்மோட ஜிசிசி லைப்ரரிகளையும் இழுத்துட்டு வரும். ஜிசிசியே போதும்னு முடிவு பண்ணினேன். ஜிபிஎல் லைசென்ஸ் ஆச்சே, காப்பி கொடுக்கிறவன் சோர்ஸ் கோடும் கிடைக்க வழி செய்யணும். அதையும் ஒரு ஃபோல்டரில் வெச்சேன். இமேஜ் நல்லாவே பெருத்துப்போச்சு.

அந்தப் பொண்ணு இன்னும் சிஎஸ்இ-லதான் இருக்கா. உங்களுக்கும் வேணும்னா ஹாஸ்டல் பக்கம் வாங்க; பென்டிரைவில் 8 ஜிபி காலியா இருக்கட்டும்.