மரை சிதைந்த முனை

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி இடைநிறுத்தப்பட்டது. தனியார் கார்கள் மீண்டும் வரத் தொடங்கியது 2025இலேயே. இடைப்பட்ட காலத்தில் இந்நாட்டின் பழைய கார்களை ஓடவைத்தவர்கள் கராஜ் தொழிலாளரே. அவர்தம் அறிவை நாம் ‘கைவேலை’ என்று சொல்லி ஒதுக்குகிறோம்.

தானியங்கிக் கியர்ப்பெட்டியின் எண்ணெய், குழாய்வழியே ரேடியேற்றர்த் தொட்டியினுள் இருக்கும் குளிர்விப்பானுக்குச் சென்று சூடு தணிந்து மீள்கிறது. என் காரில் அக்குழாய் பொருந்தும் முனையின் மரை சிதைந்து எண்ணெய் ஒழுகிற்று. கராஜ் இளைஞன் முதலில் ரேடியேற்றர் நீரைத்தான் பார்த்தான்.

“பால் நிறமில்லை, சேர். உள்ளுக்கை ஒண்டும் வெடிக்கேல்லை.”

நீரும் எண்ணெயும் கலந்தால் கியர்ப்பெட்டியின் உராய்வுத் தட்டுகள் அழிந்துவிடும். ஒரு ஸ்பனரால் முனையை அசையாது பிடித்து, மற்றதால் நட்டைக் கழற்றினான். இரண்டு எதற்கு என்றேன்.

“ஒண்டு திருப்ப, ஒண்டு பிடிக்க. பிடிக்காட்டி உள்ளுக்கிருக்கிற ஒட்டு விட்டுப்போகும்.”

விசையையும் எதிர்விசையையும் இவ்வளவு தெளிவாக எந்த விடைத்தாளிலும் நான் கண்டதில்லை. சாதாரண தரத்தில் விஞ்ஞானம் சித்தியெய்தாதவன் இவன்! பரீட்சை எதைத்தான் அளக்கிறது?

உலோகத்துகள் உள்ளே விழாதிருக்க மரைவெட்டியில் கிறீஸ் பூசி, மரையைச் சீர்செய்தான். குறைந்த எண்ணெயை நிரப்பி, எஞ்சினை ஓடவிட்டு, குழாயின் கீழ் கடதாசி ஒன்றை விரித்தான். அரைமணி கழிந்தும் அதில் கறையில்லை.