கொம்புத் தொப்பியும் குறத்திக் கூடையும்

தென்காசி,
ஆடிச் சாரல்.

அன்பு மகளுக்கு,

சித்தப்பா எழுதுவது. ஓஸ்லோவில் வாங்கிய கொம்புத் தொப்பியோடு பேரன் நிற்கும் படம் வந்தது. வைக்கிங்குகள் நிஜமாகவே இப்படித்தான் இருந்தார்களா என்று கேட்கிறானாமே. இல்லை என்று சொல்.

1943-ல் உங்கள் நார்வேயிலேயே, யெர்முண்ட்பூ என்ற இடத்தில், வைக்கிங் காலத்துத் தலைக்கவசம் ஒன்று கிடைத்தது. கண்ணையும் மூக்கையும் காக்க மூக்குக்கண்ணாடி போல ஓர் இரும்புக் காப்பு உண்டு. கொம்பு இல்லை.

பிறகு இந்தத் தப்பான பிம்பம் எப்படி வந்தது? கி.பி. 793-ல் இங்கிலாந்தின் லிண்டிஸ்பார்ன் மடாலயத்தை வைக்கிங்குகள் சூறையாடினார்கள். எழுதத் தெரிந்த துறவிகள்தான் அதைப் பதிவு செய்தார்கள். அடிபட்டவன் ஏட்டில் அடித்தவன் அரக்கனாகத்தானே இருப்பான்! ஐஸ்லாந்துக்காரர்கள் தங்கள் முன்னோர் கதைகளை விரிவாக எழுதி வைத்தது 13ஆம் நூற்றாண்டில். அதற்குள் வைக்கிங் காலம் முடிந்து இருநூறு வருஷம் ஓடிவிட்டது. 1636-ல் டென்மார்க் அறிஞர் ஓலே வோர்ம் வெளியிட்ட நூலில் இன்னொரு கூத்து. மிருகக் கொம்பில் மது குடிப்பதைப் பழம்புலவர் விடுகதைபோலச் சொல்லியிருந்தார். கொன்றவர்களின் மண்டையோட்டில் குடித்தார்கள் என்று லத்தீனில் பெயர்த்துவிட்டார்கள்.

கொம்பு ஊர் ஊராகப் பரவியது மேடையால். 1876-ல் ஜெர்மனியின் பைராய்ட் நகரில் வாக்னரின் இசைநாடகத்துக்கு உடை வரைந்த கார்ல் எமில் டோப்ளர், சில பாத்திரங்களின் தலையில் கொம்பை வைத்தார். அது புராணக் கதை. வைக்கிங் வரலாறே அல்ல. பார்த்தவர்கள் அந்தக் கணக்கெல்லாம் வைத்துக்கொள்ளவில்லை.

நம் பக்கத்துக் கதையும் இதுதான். மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டில் குற்றாலக் குறவஞ்சி பாடினார். நாயகி வசந்தவல்லிக்குக் குறி சொல்லிப் பரிசு வாங்கும் குறத்தி சிங்கி, அவளைத் தேடி அலையும் சிங்கன், இருவரையும் அவர் குறும்பும் அறிவும் மிக்கவர்களாகவே படைத்தார். ஆனாலும் பேசுவது கவிராயர். குறவர் வீட்டு ஏடு அல்ல. 1944-ல் கலாக்ஷேத்ரா அதை நாட்டிய நாடகமாக்கியது. கூடை, பாசிமணி, பச்சை குத்திய கை என்று குறத்தி வேடம் இன்று பள்ளி ஆண்டுவிழா வரைக்கும் வந்துவிட்டது.

மேடைக்கு வெளியே நடந்தது வேறு. 1871-ல் வடக்கே பிறந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. குறவர்களில் பல பிரிவினர் பிறப்பாலேயே குற்றவாளிகள் என்று பதிவானார்கள். ரேகை வைக்க வேண்டும்; ஊரை விட்டு நகர்ந்தால் காவல் நிலையத்தில் சொல்ல வேண்டும். ஊரே உட்கார்ந்து குறத்திப் பாட்டை ரசித்த காலத்தில்தான் இதுவும் நடந்தது. 1952-ல்தான் நாடு முழுவதும் சட்டம் ஒழிந்தது. பழிச்சொல் இன்னும் முழுதாகப் போகவில்லை.

வைக்கிங்கின் பேரப்பிள்ளைகள் கொம்பை மாட்டிக்கொண்டு பெருமையாகக் கால்பந்து பார்க்கப் போகிறார்கள். பொய்வேடம் அவர்களுக்கு விளையாட்டாகிவிட்டது. குறவர் வீட்டுப் பிள்ளைக்கு அப்படி ஆகவில்லை.

அதனால் பேரன் தொப்பியைக் கழற்ற வேண்டாம். இங்கே உன் தம்பி மகளை ஆண்டுவிழாவில் குறத்தியாக வரச் சொன்னார்கள். வேறு வேடம் கொடுங்கள் என்று டீச்சரிடம் கேட்டிருக்கிறேன்.

சித்தப்பா