மார்கழி விடியக்காலையும் கம்பம் பள்ளத்தாக்கும்

1/ மார்கழி பிறந்தா வாட்சப்ல ஒரு ஃபார்வர்ட் சுத்த ஆரம்பிச்சிடும். விடியக்காலை 4 மணிக்கு ஓசோன் தரைக்கு இறங்குதாம், வெளிய வந்து நல்லா இழுத்து மூச்சு விட்டா ஆஸ்துமாவே போயிடுமாம். இதை நம்பி வீசிங் இருக்கிற பெரியவங்களே இருட்டுல வாக்கிங் கிளம்புறாங்க. அவங்களுக்காகத்தான் இந்த த்ரெட்.

2/ ஓசோன் படலம் இருக்கிறது சுமார் 15 முதல் 35 கி.மீ. உயரத்துல. மார்கழிக்குன்னு அது கீழ வராது. தரையில உருவாகிற ஓசோன் வேற கதை: வண்டிப் புகை மேல வெயில் பட்டு உண்டாகிறது, பகல்லதான் கூடும். அதுவும் நுரையீரலுக்கு எரிச்சல்தான், மருந்து இல்ல.

3/ அப்போ விடியக்காலை காத்துல என்னதான் இருக்கு? அது ஊரோட அமைப்பைப் பொறுத்தது. எங்க கம்பம் பள்ளத்தாக்கையே எடுத்துக்கோங்க. மேற்க கேரள எல்லை மலை, கிழக்க மேகமலை. நடுவுல கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர். தொட்டிக்குள்ள ஊர் இருக்கிற மாதிரி.

4/ ஆடியில பிரச்சினை வேற. தென்மேற்குப் பருவக்காத்து மலை தாண்டி இறங்கி அடிக்கும். தேனி, ஆண்டிபட்டி பக்கம் காத்தாலை நிக்கிறதே அந்தக் காத்தை நம்பித்தான். கண்ணுல மண்ணு விழும், தும்மல் வரும். ஆனா புகை தங்காது. ஐப்பசி, கார்த்திகை மழை காத்தைக் கழுவி விட்டுடும்.

5/ மழை ஓஞ்ச பிறகு, மார்கழி கடைசியிலயும் தையிலயும் கதை மாறும். வானம் தெளிவா இருக்கும், காத்து அசையாது. ராத்திரி தரை சீக்கிரம் குளிரும். மலைச்சரிவுல குளிர்ந்த காத்து கனமாகி பள்ளத்துக்கு இறங்கித் தேங்கும். அதுக்கு மேல வெதுவெதுப்பான காத்து, சட்டிக்கு மூடி போட்ட மாதிரி உட்கார்ந்துக்கும். கீழ வர்ற புகை மேல போக வழி இல்ல.

6/ புகைக்குப் பஞ்சமா? விறகடுப்பு, தெருவுல எரிக்கிற குப்பை, செங்கல் சூளை, குமுளிக்கு ராவும் பகலும் போற சபரிமலை வண்டிங்க, கடைசியில போகி. நாம பனின்னு ரசிக்கிறதுல புகையும் கலந்திருக்கு. அதுல இருக்கிற நுண்துகள் முடியோட தடிமன்ல சுமார் 30ல ஒரு பங்கு. மூக்கு தடுக்காது, நேரா காத்துப்பை வரைக்கும் போகும்.

7/ இன்னொன்னு. ஆஸ்துமாக்காரங்களுக்கு மூச்சுக்குழாய் இயல்பாவே சுருங்கி இருக்கிற நேரம் விடியக்காலை. குளிர் காத்து இன்னும் சுருக்கும். மாரடைப்பும் காலையிலதான் அதிகம். இந்த மூணும் சேர்ற நேரத்தைப் பார்த்துத்தான் நாம வாக்கிங் வெச்சிருக்கோம்.

8/ என்ன செய்யலாம்?
• வாக்கிங்கை 8 மணிக்கு மேல, இல்லைன்னா சாயங்காலம் 4, 5 மணிக்கு மாத்துங்க. தரை சூடானாதான் மூடி திறக்கும்.
• அடுப்புப் புகையைப் பாருங்க. மேல போனா சரி. கூரை உயரத்துலயே படுத்துக்கிச்சுன்னா அன்னைக்கு வீட்டுக்குள்ளயே நடங்க.
• தினமும் எடுக்கச் சொன்ன இன்ஹேலரை, நல்லா இருக்கேன்னு நிறுத்தாதீங்க. இன்ஹேலர் பழகிப்போயிடும்கிறது பொய்.
• துணி மாஸ்க் இந்தத் துகளுக்குப் பத்தாது. என்95 போடுங்க.
• குப்பையை எரிக்கவே கூடாது. பொழுது சாய்ஞ்சு எரிச்சா அந்தப் புகை விடியற வரைக்கும் உங்க தெருவுலயேதான் நிக்கும்.

9/ விறகடுப்புல 30, 40 வருஷம் சமைச்ச அம்மாக்கள், பாட்டிகள் மேல தனியா ஒரு கண்ணு வைங்க. பீடி சிகரெட் தொடாதவங்களுக்கும் சி.ஓ.பி.டி. வரும். மாடிப்படி ஏறுனா மூச்சு வாங்குது, சளி மாசக்கணக்கா விடலைன்னா, வயசாயிடுச்சுன்னு விட்டுடாதீங்க. கூட்டிட்டு வாங்க, ஊதிப் பார்க்கிற டெஸ்ட் ஒண்ணு போதும்.

10/ பேசும்போதே வாக்கியம் முடிக்க முடியாம திணறுனா, உதடு நீலமானா, ரிலீவர் அடிச்சும் கேட்கலைன்னா விடியட்டும்னு காத்திருக்காதீங்க. 108 கூப்பிடுங்க.

கோலம் போடுங்க, கோயிலுக்குப் போங்க, பொங்கல் வாங்கிச் சாப்பிடுங்க. நுரையீரல் பிரச்சினை இருக்கிறவங்க மட்டும் சூரியன் வந்த பிறகு போங்க, சாமி கோவிச்சுக்காது. அந்த ஓசோன் ஃபார்வர்ட் வந்த குரூப்லயே இதையும் போட்டுடுங்க.