லிங்கன் கோட்டை மதில் மேல் ஒரு சுற்று

போன வருஷம் இங்கிலாந்தில் இருக்கும் சொந்தக்காரங்க வீட்டுக்குப் போனப்போ, ஒரு நாள் ரயிலேறி லிங்கன் நகரத்துக்குப் போனேன். கோட்டைக்கு ஏறும் தெருவின் பேரே 'ஸ்டீப் ஹில்', அதாவது செங்குத்து மேடு. பேர் பொய்யில்லை மக்களே. ஊருக்கெல்லாம் வாக்கிங் போகச் சொல்லும் எனக்கே ரெண்டு இடத்தில் மூச்சு வாங்கிடுச்சு.

1068-ல் வில்லியம் மன்னர் கட்டத் தொடங்கிய கோட்டை. மதில் மேலேயே முழுசா ஒரு சுற்று நடந்து வரலாம். படி ஏற முடியாதவங்களுக்கு லிஃப்ட் இருக்கு. வெளிப்பக்கம் பார்த்தால் பேராலயத்தின் மூன்று கோபுரங்கள், கீழே ஊர். உள்பக்கம் பார்த்தால் சிவப்புச் செங்கல் கட்டடம். அது பழைய ஜெயில்.

1217-ல் எதிரிப்படை இந்தக் கோட்டையை முற்றுகையிட்டப்போ விட்டுக்கொடுக்காமல் காத்தவர் நிக்கோலா டி லா ஹே என்ற பெண்மணி. அப்போ அவருக்கு அறுபது வயசுக்கு மேல். வெளியே இருக்கிறவங்களை உள்ளே விடாமல் இருக்கக் கட்டிய மதில், பிற்காலத்தில் உள்ளே இருக்கிறவங்களை வெளியே விடாமல் இருக்கப் பயன்பட்டிருக்கு.

மதிலிலிருந்து இறங்கி ஜெயிலுக்குள் போனேன். 1848 முதல் 1878 வரை நடந்த ஜெயில். ஒரு கைதி இன்னொரு கைதியோடு பேசக்கூடாது, முகத்தைக்கூடப் பார்க்கக்கூடாது. தனியா இருந்தால் யோசிச்சுத் திருந்துவாங்க என்பது அந்தக் காலத்து நம்பிக்கை. உள்ளே இருக்கும் சர்ச்சில்கூட ஆளுக்கொரு மரத்தடுப்பு. அதற்குள் நின்றால் பாதிரியார் நிற்கும் மேடை மட்டும்தான் தெரியும். பக்கத்தில் யார் என்று தெரியாது.

நானும் ஒரு தடுப்புக்குள் நின்று பார்த்தேன். சட்டுன்னு 2020 கோவிட் வார்டு ஞாபகம் வந்துடுச்சு.

பதினாலாம் பெட்டில் ஒரு பெரியவர். ஆக்சிஜன் அளவு தேறிக்கிட்டே இருந்தது, ஆனா சாப்பிடமாட்டார். ராத்திரியில் குழப்பமாப் பேசுவார். மூணாம் நாள் என்கிட்ட, "தம்பி, உங்க எல்லாருக்கும் ஒரே மூஞ்சி, யார் வந்தாங்கன்னே தெரியல"ன்னார். பிபிஇ உடைக்குள் எங்க கண் மட்டும்தான் அவருக்குத் தெரிஞ்சிருக்கு.

மறுநாள் மார்க்கரால் உடை மேல பெரிய எழுத்தில் என் பேரை எழுதிக்கிட்டுப் போனேன். அவரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். போனில் மகளோடு வீடியோ கால் போட்டுக் கொடுத்தோம். அன்னிக்கு ராத்திரி ரெண்டு இட்லி சாப்பிட்டார்.

தொற்று பரவாமல் இருக்கத் தனிமைப்படுத்துவது அவசியம். அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனா வயசானவங்களுக்குத் தெரிஞ்ச முகம், தெரிஞ்ச குரல், கண்ணாடி, காது மெஷின் எதுவுமே இல்லைன்னா மனக்குழப்பம் வரும் வாய்ப்பு கூடும். இதை மருத்துவத்தில் டெலிரியம் என்போம். வீட்டுப் பெரியவங்க அட்மிஷனில் இருந்தால் கண்ணாடியும் காது மெஷினும் கொண்டுபோய்க் கொடுங்க. பார்க்க விடலைன்னா போனிலாவது பேசலாமான்னு டாக்டரைக் கேளுங்க. கேட்பதில் தப்பே இல்லை.

கடைசியா லூசி டவர். கூரையில்லாத வட்டக் கோபுரம். தூக்கிலிடப்பட்ட கைதிகளை அதற்குள் புதைத்திருக்காங்க. சின்னச் சின்னக் கல், அதில் பேரின் முதலெழுத்துகள். முழுப் பேர் கிடையாது.

ஊர் திரும்பி முதல் நாள் ரவுண்ட்ஸ். "சார், பதினாலாம் பெட்..."ன்னு ஹவுஸ் சர்ஜன் ஆரம்பிச்சார்.

"பேர் என்னப்பா?"ன்னு கேட்டேன். கேஸ் ஷீட்டைப் பார்த்துத்தான் சொன்னார்.