பென்சில் நுழைகிற ஓட்டை

எலிக்கு நல்ல மருந்து எங்கே கிடைக்கும் என்றுதான் ஆக்கள் முதலில் கேட்பார்கள். நான் மேசன் வேலை செய்கிறவன். வன்னியில் கண்டாவளை, முரசுமோட்டை, தருமபுரம், பரந்தன் பக்கத்து வீடுகளிலும் கடைகளிலும் மில்களிலும் எலி நுழையாமல் அடைத்துக் கொடுப்பதுதான் இப்போது என் வேலையில் பெரும்பங்கு. மருந்து கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்று: எந்த வழியால் வருகிறது? அதைக் கண்டுபிடிக்காமல் எத்தனையைக் கொன்றாலும் அடுத்தது அதே வழியால் வந்து நிற்கும்.

எங்கள் பக்கத்தில் வருடத்துக்கு இரண்டு தரம் எலி வீடு தேடி வரும். ஒன்று மழையோடு. 2018 டிசம்பரில் இரணைமடுக் குளம் நிரம்பிக் கதவுகள் திறபட்டு, கண்டாவளை வெள்ளக்காடானதை இங்கே யாரும் மறக்கவில்லை. வளைக்குள் தண்ணீர் போனால் எலி மேட்டுக்கு வரும். மேடு என்றால் எங்கள் வீடுதான். மற்றது தை, மாசியில், காலபோக அறுவடையோடு. மெஷின் இறங்கினால் ஒரு வெளி முழுக்க சில நாளில் மொட்டையாகிவிடும். மறைப்பும் சாப்பாடும் ஒரேயடியாகப் போய்விட, அதே கிழமையில் நாங்கள் நெல்லை மூடை மூடையாக வீட்டுக்குள் அடுக்குகிறோம். எலி பின்னால் வருவதில் என்ன அதிசயம்?

வருகிறது எது என்று முதலில் தெரியவேண்டும். பெரிய அகிழான் அத்திவாரத்துக்குக் கீழே மண்ணைக் கிண்டித் தள்ளும். வீட்டெலி ஏறுகிற சாதி, கூரைக்கார எலி. சுண்டெலி நிலத்தோடு, சுவரோடு ஒட்டி ஓடும். தான் குடியிருக்கும் மூலையிலிருந்து முப்பது அடிக்கு மேல் போவது அருமை. நீண்ட மூக்கோடு கீச்சிட்டுக்கொண்டு திரியும் மூஞ்சூறு எலிச்சாதியே இல்லை. அது கரப்பானையும் பூச்சியையும் தின்கிறது. நாற்றத்தைப் பொறுத்துக்கொண்டால் அதனால் நன்மைதான், அதை விட்டுவிடச் சொல்லுவேன்.

வீட்டைப் பார்க்கப் போனால் ரோச் லைற்றோடு நிலத்தில் படுத்துவிடுவேன். நின்றுகொண்டு பார்க்கிறவனுக்கு எலியின் வழி தெரியாது. வெளிச்சத்தைச் சுவரடியில் சரித்து அடித்தால் புழுக்கை நிழலோடு எழும்பித் தெரியும். சுண்டெலிப் புழுக்கை கருஞ்சீரகம்போல, இரண்டு முனையும் கூர். வீட்டெலியினது அதைவிட இரண்டு மூன்று மடங்கு நீளம். பல்லி எச்சத்தின் ஒரு முனையில் வெள்ளையாக ஒரு பொட்டு இருக்கும். பல்லி எச்சத்தைப் பார்த்துவிட்டு எலி மருந்து வாங்கி வைத்த வீடுகள் எத்தனையோ. பிறகு சுவரோரத்தில் கறுத்த எண்ணெய்த் தடம் தேடுவேன். எலி தினமும் ஒரே இடத்தில் உடம்பை உரசிப் போவதால் அது படியும். சந்தேகமான இடத்தில் பின்னேரம் கொஞ்சம் சாம்பலைத் தூவிவிட்டால், விடியக் காலடி அதில் கிடக்கும்.

இனி ஓட்டை. கால் அங்குலம், அதாவது ஆறு மில்லிமீற்றர் இடைவெளி சுண்டெலிக்குப் போதும். தலை போனால் உடம்பு போய்விடும். அதனால் எப்போதும் சட்டைப் பையில் ஒரு பென்சில் வைத்திருக்கிறேன். அது நுழைகிற இடமெல்லாம் சுண்டெலி நுழையும் என்பது இந்தத் தொழிலில் பழைய கணக்கு. குசினியில் தண்ணீர்க் குழாய் சுவருக்குள் போகிற இடம், கரண்ட் வயர் இறங்குகிற இடம், கதவடி, இந்த மூன்றையும் பார்த்தாலே பாதி வேலை முடிந்தது. ஒரு வயதான அம்மா, "தம்பி, இந்தச் சின்ன ஓட்டைக்கோ இவ்வளவு பாடு?" என்று கேட்டார். பென்சிலை அவர் கையில் கொடுத்தேன். அன்று பின்னேரம் வரை அவரே வீடு முழுக்கக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெறும் சீமெந்தை அப்பினால் அது இறுகுவதற்குள் இரவோடிரவாகத் தோண்டிவிடும். இறுகிய பிறகும் மெல்லிய பூச்சைக் கொறிக்கும். எலியின் முன்பல் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பது, கொறிக்காமல் அதால் இருக்க முடியாது. முதலில் கம்பிவலையைச் சுருட்டி ஓட்டைக்குள் இறுக்கித் திணித்து, அதன்மேல் சீமெந்துக் கலவை பூசவேண்டும். கடைகளில் விற்கும் இரும்புப் பஞ்சு நல்லதுதான், ஆனால் எங்களுக்குக் கடல்நீரேரி கிட்ட. உப்புக் காற்றில் அது துருப்பிடித்து உதிர்ந்துவிடும். நுரை அடிக்கிற சாமானை எலி பஞ்சுபோலப் பிய்த்துக் கூடு கட்டும். கதவடிக்கு அலுமினியத் தகடு அடிக்கிறேன். பலகைக் கதவின் கீழ்மூலைதான் முதலில் கொறிபடும். கூரையடியில் கைமரத்துக்கு இரண்டு பக்கமும் உள்ள வாயைச் சீமெந்தால் அடைக்கக்கூடாது, வெக்கையில் ஆக்கள் அவிந்துபோவார்கள். கால் அங்குல வலையை வெட்டி அடிக்கவேண்டும், காற்றும் வரும்.

போர் முடிந்து மீள்குடியேறிய பிறகு கட்டிய வீடுகளில்தான் இந்த வேலை கூட. 2012 ஒக்டோபரில் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா, ஆக்கள் தாங்களே நின்று கட்டினார்கள். கூடாரத்திலும் தகரக் கொட்டிலிலும் கிடந்த குடும்பத்துக்குக் கூரை ஏறியதே பெரிய காரியம். கதவடியும் கூரை விளிம்பும் பிறகு பார்க்கலாம் என்று விட்டவை. அந்தப் பிறகு பலருக்கு இன்னும் வரவில்லை.

வன்னியில் முன்பு நெல் இப்படி அறை மூலையில் மூடையாகக் கிடக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். முற்றத்தில் கொம்பறை இருந்தது. நிலத்தில் படாமல் உயர்த்தி, தடி வரிந்து மண் பூசி, தனிக் கூரை போட்டது. வீட்டுக்குள் என்றால் கோற்காலி என்ற, கால் வைத்த களஞ்சியம். சுண்டெலி நின்ற இடத்திலிருந்து ஒரு அடி துள்ளும், பெரிய எலி இரண்டரை மூன்று அடி. உயர்ந்த காலில், சுவரில் முட்டாமல், பக்கத்தில் ஏற எதுவும் இல்லாமல் நிற்கிற களஞ்சியத்தின் காலுக்குத் தகரம் சுற்றிவிட்டால் எலிக்கு ஏற வழியில்லை. தென்னைக்குத் தகரம் அடிப்பதும் இதே யோசனைதான். இடம்பெயர்ந்தபோது அவையெல்லாம் அழிந்தன. திரும்பி வந்தபோது உரப்பையும் அறை மூலையும்தான் மிச்சம். மூலையில் சுவரோடு சாத்திய மூடையைவிடச் சுண்டெலிக்கு வசதியான வீடு கிடையாது. சாப்பாட்டுக்குள்ளேயே படுக்கை. நெல்லில் உள்ள ஈரமே அதற்குக் கிட்டத்தட்டப் போதும், தண்ணீர் தேடி வெளியே வரவும் தேவையில்லை. மூன்று கிழமையில் ஐந்தாறு குட்டி, அந்தக் குட்டிகள் ஒன்றரை மாதத்தில் தாமே குட்டி போடத் தயார். அதனால் மூடையை மரத்தட்டில் ஏற்றி, சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி அடுக்கச் சொல்கிறேன். விதைநெல்லை மூடியுள்ள தகரப் பரலில் போடலாம், ஆனால் நன்றாகக் காயவேண்டும். ஈரம் 13 வீதத்துக்கு மேல் இருந்தால் உள்ளே பூஞ்சணம் பிடித்து முளைதிறன் போய்விடும்.

கடைக்கும் வெதுப்பகத்துக்கும் இதே முறைதான். சட்டரின் இரண்டு கீழ்மூலையையும் மறக்கக்கூடாது. சுவரடியில் ஒரு அடிக்கு வெள்ளைப் பெயின்ற் பட்டி அடித்துவிட்டால் புதுப் புழுக்கை அன்றே தெரிந்துவிடும், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) வந்து கண்டுபிடிக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

அடைத்த பிறகு உள்ளே அகப்பட்டதைப் பிடிக்கப் பொறி வைக்கிறேன். சுண்டெலி புதுச் சாமானைக் கண்டால் கிட்டப் போய்ப் பார்க்கிற பிராணி, முதல் இரவிலேயே விழும். ஒன்றிரண்டு பொறி காணாது, சுவரோரமாக ஆறேழு அடிக்கொன்று, விசைப்பக்கம் சுவரைப் பார்க்க வைக்கவேண்டும். வீட்டெலி புதிதைக் கண்டு பயப்படும். அதற்குச் சில நாள் விசை ஏற்றாமல், சுட்ட தேங்காய்ச் சொட்டை மட்டும் வைத்துப் பழக்கவேண்டும். ஒட்டுகிற அட்டையை நான் தொடுவதில்லை. இரவு முழுக்க உயிரோடு இழுபடுவதைப் பார்க்க என்னால் முடியாது. பல்லியும் பாம்புக்குட்டியும் வேறு அதில் மாட்டுகின்றன.

நாக பொசுபைட்டு என்ற எலி மருந்தை வீட்டுக்குள் வைக்கவே வேண்டாம் என்று கையெடுத்துக் கேட்கிறேன். வயிற்று அமிலத்தில் அது நச்சு வாயுவாக மாறுகிறது, அதற்கு முறிமருந்து இல்லை. பிள்ளைகள் தவழ்கிற, கோழி மேய்கிற வளவு நம்முடையது. இரத்தத்தை உறையவிடாமல் நாட்கணக்கில் கொல்லும் மற்ற மருந்துகளைத் தின்ற எலியை ஆந்தை பிடித்தால் ஆந்தையும் சாகலாம். இரவில் வயலில் நமக்காக வேட்டையாடுகிற அதைக் கொன்றுவிட்டு எலி பெருகிவிட்டது என்று அழுது பயனில்லை.

2024 நவம்பர் கடைசி வெள்ளத்துக்குப் பிறகு, டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் பரவி உயிர்கள் போயின. எலியின் சிறுநீர் கலந்த சேற்றிலிருந்து தோல் வெடிப்பாலும் கண்ணாலும் கிருமி உள்ளே போகிறது. வயலில் இறங்குகிறவர்களுக்குச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை கொடுக்கும் டொக்சிசைக்கிளினை வாங்கிப் போடவேண்டும். வீட்டுக்குள் புழுக்கை கிடந்தால் காய்ந்தபடி விளக்குமாற்றால் கூட்டக்கூடாது, தூசு கிளம்பும். குளோரின் கரைசல் தெளித்து, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, கையுறை போட்டுத் துணியால் அள்ளவேண்டும். நான் ஓட்டையில் கைவைக்க முன்னர் செய்கிற முதல் வேலை இதுதான்.

அடைத்துக் கொடுத்த வீடுகளுக்கு மார்கழிக் கடைசியில், அறுவடைக்கு முன், திரும்ப ஒருதரம் போகிறேன். மழையில் பலகை ஊதிக் கதவுத் தகடு கழன்றிருக்கும், புதிதாக இழுத்த வயருக்கு யாரோ ஒரு ஓட்டை போட்டிருப்பார்கள். அதற்குக் காசு வாங்குவதில்லை. போகிற இடத்தில் வீட்டுப் பிள்ளைகளிடம் பென்சிலைக் கொடுத்துவிட்டு, நான் கூரையடி வலையைப் பார்க்க ஏணியில் ஏறிவிடுவேன்.