கேள்விக்குப் பதில் சொல்

தம்பி, லினக்ஸ் கெர்னலுக்கு நீ எழுதிய ஸ்விட்ச் டிரைவருக்கு ரிவ்யூ வந்துவிட்டது. வரிக்கு வரி கேள்வி கேட்டிருக்கிறார்கள் என்று முகம் வாடியிருக்கிறாய். எனக்கு அதில் சந்தோஷம்தான். நெட்வொர்க் பகுதியில் பேட்ச்கள் குவிகிற வேகத்துக்குப் படிக்க ஆள் எப்போதும் குறைவு. அதற்கு நடுவில் ஒருவர் உட்கார்ந்து உன் நிரலை முழுசாகப் படித்திருக்கிறார்.

நம் பிள்ளைகள் ரிவ்யூ செய்பவரோடு சண்டை போடுவதை நான் அதிகம் பார்த்ததில்லை. எதைச் சொன்னாலும் ‘சரி சார்’ என்று மறுநிமிடமே மாற்றிவிடுவதைத்தான் பார்க்கிறேன். வகுப்பறையில் படிந்த பழக்கம் அது. அதை விட்டுவிடு. ‘ரீசெட் செய்த பிறகு ஏன் 20 மில்லிசெகண்ட் காத்திருக்கிறாய்?’ என்று கேட்டால் அவருக்குக் காரணம் தெரிய வேண்டும், அவ்வளவுதான். நீ வாய் திறக்காமல் அடுத்த வெர்ஷனில் 10 ஆக்கி அனுப்பினால், முன்பு 20 எங்கிருந்து வந்தது, இப்போது 10 எங்கிருந்து வந்தது என்று அவருக்குச் சந்தேகம் இரண்டாகும். டேட்டாஷீட்டில் இருந்தால் எந்த அட்டவணை என்று சொல். போர்டில் நீயே அளந்திருந்தால் எப்படி அளந்தாய் என்று சொல். சிப் கம்பெனியின் பழைய நிரலில் இருந்தது, காரணம் தெரியாது என்றால் அதையும் மறைக்காமல் சொல். பிறகு அந்தக் காரணத்தை நிரலிலேயே ஒரு கமென்டாக எழுதி வை. இதே கேள்வியை நாளைக்கு இன்னொருவர் கேட்பார்.

‘திரும்பி வரும் மதிப்பை ஏன் யு16-இல் வைத்திருக்கிறாய்?’ என்ற குறிப்பைச் சின்ன விஷயம் என்று தாண்டிப் போகாதே. எம்டிஐஓ பஸ் வழியாக ரிஜிஸ்டரைப் படிக்கும் ஃபங்ஷன், வேலை நடந்தால் 16 பிட் மதிப்பைத் தரும். நடக்காவிட்டால் மைனஸ் எண்ணைத் தரும். சிப் நேரத்துக்குப் பதில் சொல்லவில்லை என்றால் அது பெரும்பாலும் மைனஸ் 110. குறியில்லாத 16 பிட் மாறியில் அதைப் போட்டால் 65426 ஆகிவிடும். பிழை இருந்த இடத்தில் நிஜமான ரிஜிஸ்டர் மதிப்பு போல ஓர் எண் வந்து உட்காரும். அந்த எண்ணின் மேல் எட்டு பிட்களும் 1. லிங்க் இருக்கிறதா என்று காட்டும் பிட் அந்த எட்டில் ஒன்றாக இருந்துவிட்டால், கேபிளே செருகாத போர்ட்டை டிரைவர் உயிரோடு இருப்பதாக நம்பும். களத்தில் இதைத் தேடிப் பிடிப்பவன் தூக்கம் கெடும். ரிவ்யூ செய்தவர் ஓர் இடத்தைத்தான் காட்டியிருப்பார். அதே தவறு கோப்பில் வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடுவது உன் வேலை.

மறுத்துப் பேசவும் வேண்டியிருக்கும். பக்க எண்ணை ஒரு ரிஜிஸ்டரில் எழுதிவிட்டு, இன்னொன்றில் மதிப்பைப் படிக்கிற சிப் உன்னுடையது. ‘இங்கே லாக் எதற்கு?’ என்றால், இந்த இரண்டு வேலைக்கும் நடுவில் வேறொரு த்ரெட் புகுந்து பக்கத்தை மாற்றினால் என்ன படிப்போம் என்று வரிசையாக எழுதிக் காட்டு. மரியாதை குறையாது. ஆனால் ‘எங்கள் சிப்பில் இப்படித்தான்’ என்பதைப் பதிலாக வைக்காதே. டிஎஸ்ஏ என்கிற ஸ்விட்ச் கட்டமைப்பு 2008-இல் கெர்னலுக்குள் வந்தது. அன்றுமுதல் பல கம்பெனிகளின் சிப்கள் அதில் சேர்ந்திருக்கின்றன. பொது ஏற்பாடு இருக்கும்போது தனிவழி போடாதே என்று ரிவ்யூ செய்பவர்கள் சொல்வதற்குப் பின்னால் அத்தனை அனுபவமும் இருக்கிறது.

அவசரப்பட்டு அடுத்த வெர்ஷனை அனுப்பாதே. 24 மணி நேரமாவது இடைவெளி விடச் சொல்வது நெட்வொர்க் பகுதியின் விதி. மற்றவர்களும் படித்துக் கருத்துச் சொல்லட்டும். ஒரு தொடரில் 15 பேட்ச்சுக்கு மேல் வேண்டாம். என்ன மாறியது என்பதை பேட்ச் விளக்கத்தின் முடிவில் வரும் மூன்று கோடுகளுக்குக் (---) கீழே எழுது. ஒருவர் ‘ரிவ்யூட்-பை’ என்று தன் பெயரைத் தந்த பிறகு அந்த பேட்ச்சைப் பெரிதாக மாற்றினால், பெயரை எடுத்துவிட்டு, எடுத்ததையும் ஏன் என்பதையும் சொல். அவர் பார்க்காத நிரலுக்கு அவர் பெயர் நிற்கக் கூடாது.

காத்திருக்கும் அந்த ஒரு நாளில் வேறொருவருடைய பேட்ச்சை எடுத்துப் படி. யு16-இல் விழுங்கப்பட்ட பிழையை இப்போது உன் கண்ணே கண்டுபிடிக்கும். கண்டால், ‘இது தவறு’ என்று மட்டும் எழுதிவிட்டுப் போகாதே. அந்த 65426 எப்படி வருகிறது என்பதுவரை அவருக்கு விளக்கி எழுது.